வைக்கோலும் வாவியும்

கொக்கட்டிச்சோலை வயல்களில் சூடடித்து முடிந்தபின் குவியும் வைக்கோலை நாம் மாட்டுத் தீவனமாகவே அறிவோம். வைக்கோலையும் கடதாசியாக்கலாம் என்ற நம்பிக்கையில் மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனையில், அரசு ஓர் ஆலையை எழுப்பிற்று. 1956இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடா தந்தது. உழைக்கும் கரங்களை நம் மக்கள் தந்தனர். விடுதலை பெற்ற நாடொன்று சொந்தக் காலில் நிற்க முயன்ற முயற்சி அது. அதனைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் கணக்கின் ஒரு பக்கம் எழுதப்படாமலே போயிற்று. வைக்கோலைச் சோடாவில் அவித்தால் நார் பிரியும். எஞ்சுவது கரிய கழிவுநீர். பெரிய மரக்கூழ் ஆலைகள் அந்நீரைச் சுண்டவைத்து எரித்து, வெப்பத்தையும் சோடாவையும் மீட்டுக்கொள்கின்றன. வைக்கோலிலோ சிலிக்கா மிகுதி. அது குழாய்களில் கல்லாய்ப் படிந்து மீட்பைத் தடுக்கும். அதனை நீக்கத் தனி நுட்பமும் பெரும் மூலதனமும் வேண்டும். ஆலையை நிறுவிய அரசே அதையும் ஆராய்ந்து அளித்திருக்க வேண்டும். அளிக்கவில்லை, கழிவு வாவியைச் சேர்ந்தது. நீரிலுள்ள பிராணவாயுவைக் கழிவு உண்டுவிட்டால் மீன் வாழுமா? மீன் அற்றால் மீனவர் வீட்டில் உலை கொதிக்குமா?

தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் பிறந்தது. ஆலை தொடங்கி 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1981இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைந்தது. உரிமமின்றிக் கழிவை வெளியேற்றலாகாது என்ற விதி 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. மாசகற்றும் கருவிகளை வாங்க ஆலைகளுக்குச் சலுகைக் கடன் அளிக்கும் நிதியம், ஜெர்மன் உதவியுடன், 1995இலேதான் உருவாயிற்று. அதற்குள் வாழைச்சேனை ஆலை போராலும் நட்டத்தாலும் தளர்ந்துவிட்டது.

கடலுக்கு அப்பாலும் கதை வேறன்று. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது. பாசனத்துக்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிற்று. உழவர் நீதிமன்றப் படியேறினர். கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாத சுத்திகரிப்பு முறைக்கென இந்திய அரசு 200 கோடி ரூபாய் மானியம் அறிவித்தது 2010இல். மறு ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

ஆற்றைக் கெடுத்தவனுக்குப் பொதுப்பணமா எனக் கேட்பர். கேள்வி நியாயமே. மாசுபடுத்தியவனே ஈடுசெய்க என்று 1996இல், வேலூர்த் தோல் ஆலை வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றமும் உரைத்தது. ஆனால் தண்டம் சிலிக்காவை நீக்காது. அறிவும் கருவியுமே நீக்கும். அவற்றை ஆக்குவது பொதுப்பணி. தீங்குக்கு ஈடு செலுத்துவது உடைமையாளன் கடன். வாழைச்சேனையில் உடைமையாளனும் அரசே; எனவே இரு கடமையும் அதற்கே உரியவை.

இனியொரு தொழிற்சாலைக்கு இம்மண்ணில் கால்கோள் இடுவோர், கழிவை என் செய்வீர் என்ற கேள்விக்கு முதலில் விடை தரட்டும். அந்தச் செலவும் மூலதனமே. அதை மறந்த இடமெல்லாம், வாவிக்கரை ஏழையே தன் சோற்றைக் கொடுத்து அக்கணக்கைத் தீர்த்திருக்கிறான்.