வெளிச்சத்தைத் தடுத்த ஸ்பிரிங்

எங்கள் கலந்துரையாடல் அரங்கிற்கு ஒருமுறை வந்திருந்த இளைஞர் ஒருவர், மேசைமீது இரண்டு டார்ச்லைட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று தோட்டத்தில் வேலை செய்த அவருடைய தாத்தா பயன்படுத்தியது. இரண்டு பெரிய பேட்டரி போடும் நீண்ட உருளை. மற்றொன்று உள்ளங்கைக்குள் அடங்குவது. இரண்டையும் தானே பிரித்து, உள்ளே இருப்பதை மாற்றி அமைத்ததாகச் சொன்னார்.

பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் உடனே கேட்டார்: "கடையில் புதுசு கிடைக்கிறதே தம்பி, இதைப் பிரித்து நோண்டுவது வேண்டாத வேலை இல்லையா?" அரங்கமே சிரித்தது. நேரம் முடிந்துவிட்டதால் பதில் சொல்லாமலேயே விடைபெற்றோம். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமானால், டார்ச்லைட்டின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பெயர் வந்த கதை

அமெரிக்காவில் நேஷனல் கார்பன் நிறுவனம் 1896ஆம் ஆண்டில் உலர் பேட்டரியைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கவிழ்த்தாலும் சிந்தாத பேட்டரி கிடைத்ததும், கையில் எடுத்துச் செல்லும் மின்விளக்குக்கு வழி பிறந்தது. 1899 ஜனவரி 10ஆம் தேதி டேவிட் மிசெல் என்பவருக்கு அதற்கான காப்புரிமை வழங்கப்பட்டது. ரஷ்யாவிலிருந்து குடியேறிய கான்ராட் ஹ்யூபர்ட்டின் நிறுவனம் அதைத் தயாரித்தது. நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சில விளக்குகளை அன்பளிப்பாகக் கொடுத்து அது பெயர் வாங்கியது. எவரெடி என்று நம் வீடுகளில் புழங்கிய பெயரின் வேர் அங்குதான் இருக்கிறது.

அன்றைய பேட்டரிக்குத் தொடர்ந்து மின்சாரம் தரும் வலு இல்லை. கரி இழை பல்பு கொஞ்ச நேரம் எரியும். பிறகு பேட்டரிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இப்படி விட்டுவிட்டு மின்னியதால்தான் அமெரிக்கர்கள் அதை 'ஃபிளாஷ்லைட்' என்று அழைத்தார்கள். பின்னர் டங்ஸ்டன் இழை வந்தது, பேட்டரியும் மேம்பட்டது. தொடர்ந்து எரியும் விளக்கானது.

இருட்டோடு எழுந்து வேலைக்குப் போன தோட்டத்து மக்களுக்கு டார்ச்லைட்டின் அருமை தெரியும். வலுவிழந்த பேட்டரியை வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் ஓட்டிய வீடுகள் எத்தனை! சூட்டில் அந்தப் பேட்டரிக்குள் வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும் என்பதால் அதில் ஓரளவு பலனும் இருந்தது. (இன்றைய லித்தியம் பேட்டரியிடம் இந்த வித்தையைக் காட்டக்கூடாது, ஆபத்து.)

1979இல் கலிபோர்னியாவில் ஆண்டனி மாக்லிக்காவின் நிறுவனம் 'மேக்லைட்' என்ற உறுதியான அலுமினிய டார்ச்லைட்டை வெளியிட்டது. உடல் வலுவானது. ஆனால் உள்ளே இழை பல்பும், பின்மூடியில் ஸ்பிரிங்கும் அப்படியே இருந்தன.

பல்பு போய் எல்.இ.டி. வந்தது

1962இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். நீல நிறம் மட்டும் விஞ்ஞானிகளுக்கு நீண்டகாலம் பிடிகொடுக்கவில்லை. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தார். அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசி, 1996இல் வெள்ளை எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது. நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

2000ஆம் ஆண்டையொட்டி லக்ஸியான் போன்ற சக்திமிக்க எல்.இ.டி.கள் கிடைக்கத் தொடங்கியதும், பொழுதுபோக்காக இதில் ஈடுபட்டவர்கள் மேக்லைட்டைப் பிரித்து, பல்பு இருந்த இடத்தில் அவற்றைப் பொருத்தினார்கள். உடனே ஒரு சிக்கல் தலைகாட்டியது. இழை பல்பின் வெப்பத்தில் பெரும்பகுதி ஒளியோடு சேர்ந்து வெளியே போய்விடும். எல்.இ.டி.யின் வெப்பமோ அதன் அடிப்பகுதியிலேயே தங்கும். சூடு ஏற ஏற வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். அதனால் எல்.இ.டி.யைச் செம்புத் தகட்டின்மேல் பற்றவைத்து, சூட்டை அலுமினிய உடலுக்குக் கடத்தினார்கள். 2006இல் கிரீ நிறுவனத்தின் எக்ஸ்ஆர்-ஈ வந்தது. அதன்பின் இன்னும் சக்தி கூடியவை வந்தன. வெளிச்சம் மட்டும் போதாது, நிறமும் சரியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள் நிச்சியா 219 வகையைத் தேடிப் போட்டார்கள். வயரின் நிறத்தைப் பார்த்து வேலை செய்பவருக்கு அதன் அருமை புரியும்.

யாரும் கவனிக்காத ஸ்பிரிங்

விளக்கு மாறியது, பேட்டரியும் மாறியது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரி, பிற்பாடு டார்ச்லைட்டுக்குள்ளும் நுழைந்தது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல், பழைய பேட்டரி நினைத்துப் பார்க்க முடியாத மின்னோட்டத்தைத் தரும். ஆனால் அந்த மின்சாரம் அத்தனையும் கடந்துபோக வேண்டிய பாதை எது? பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் அதே எஃகு ஸ்பிரிங்தான்!

இங்கே ஒரு சிறு கணக்கு. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட விதி. ஸ்பிரிங்கின் தடை 0.03 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அரை ஆம்பியர் எடுக்கும் பழைய பல்பில், ஸ்பிரிங்கில் வீணாவது 0.0075 வாட், கணக்கில் எடுக்கவே தேவையில்லை. பத்து ஆம்பியர் எடுக்கும் விளக்கில் அதுவே 3 வாட். மின்னோட்டம் 20 மடங்கு கூடியது. வீண்செலவோ 400 மடங்கு! அதோடு 0.3 வோல்ட்டும் வழியிலேயே தொலைகிறது. முழுதாகச் சார்ஜ் செய்த செல்லில் இருப்பதே 4.2 வோல்ட்தான். ஸ்பிரிங் சூடேறித் துவண்டுபோவதும் உண்டு.

இதற்குக் கண்ட தீர்வு மிக எளியது. ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை, வளைந்து கொடுக்கும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைப்பது. ஸ்பிரிங் அழுத்தும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மின்சாரம் செம்பின் வழியே போகும். செலவு சில காசு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையல்ல இது. மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் மின்சுற்று உள்ள விளக்கில், இதனால் வெளிச்சம் பெரிதாக உயராது. நேரடியாக இணைத்த விளக்கில் மின்னோட்டம் அளவுமீறினால் எல்.இ.டி. கருகிவிடும். கம்பி விலகி உடலைத் தொட்டால் மின்கசிவு ஏற்பட்டு, லித்தியம் செல் தீப்பிடிக்கவும் கூடும்.

பெரியவருக்குப் பதில்

அந்த இளைஞர் சிறிய விளக்கின் ஸ்பிரிங்கில் செம்புக் கம்பி வைத்திருந்தார். தாத்தாவின் விளக்கில் வைக்கவில்லை. அதில் பழைய பல்புக்குப் பொருந்தும் எல்.இ.டி. பல்பைப் போட்டு, ஸ்பிரிங்கின் துருவைச் சுரண்டியதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு அவ்வளவே போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற இந்த அறிவு, பிரித்துப் பார்த்ததால் வந்தது.

ஐயா, உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. புதியது கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பின் முழுப் பலனும் கைக்கு வர, ஸ்பிரிங்கை உற்றுப் பார்த்த சாதாரண மனிதர்களும் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு விருது கிடையாது. அவர்களால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், டார்ச்லைட் திருகினால் திறக்கும்படி செய்யப்பட்டிருந்ததுதான். இன்று நம் வீட்டுக்கு வரும் பல பொருள்கள் பசைபோட்டு மூடப்பட்டு வருகின்றன; பழுதானால் குப்பைக்குப் போகின்றன. அவற்றோடு சேர்ந்து, பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியதும் குப்பைக்குப் போகிறது.

அடுத்த முறை உங்கள் பேரன் பழைய டார்ச்லைட்டைக் கழற்றினால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பேட்டரியை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மற்றதை அவன் உங்களுக்குச் சொல்லித் தருவான்.