ஊசி கையிலா, கழுத்திலா? ஒரு சர்க்கரைக் கணக்கு

வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு ட்ரிப்ஸ் எங்கே ஏற்றுவது? கையில் குத்தும் 'வென்ஃப்ளான்' போதுமா, இல்லை கழுத்து வழியாக இதயத்துக்குப் பக்கத்துப் பெருஞ்சிரை வரை போகும் சென்ட்ரல் லைன் வேண்டுமா? டாக்டரோட விருப்பம் என்றுதான் தோணும். தோண்டிப் பார்த்தால் இதில் பெரும்பகுதி சர்க்கரைக் கணக்கு.

1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் கைச்சிரை வழியாக 65 செ.மீ. கதீட்டரை இதயம் வரை தள்ளி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956-ல் நோபல். இது பலருக்குத் தெரிந்த கதை. அதே கட்டுரையில் இன்னொன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பிடித்த ஒரு நோயாளிக்கு இதே வழியில் குளுக்கோஸும் இதய மருந்தும் ஏற்றியிருக்கிறார். சற்று நேரம் தேறிய அந்த நோயாளி பிழைக்கவில்லை. ஆக, சென்ட்ரல் லைனின் ஆரம்பத்திலேயே ஒரு வயிற்று நோயாளி இருக்கிறார்.

அப்புறம் பல வருஷம் டாக்டர்களுக்குக் கை நரம்புதான் கதி. (நாம நரம்புன்னு சொன்னாலும் அது சிரை.) 5% குளுக்கோஸ் 3 லிட்டர் ஏற்றினால் 150 கிராம் சர்க்கரை, சுமார் 500 கலோரி. குடல் வேலை செய்யாமல் வாரக்கணக்கில் கிடப்பவருக்கு இது பட்டினி. ஆபரேஷன் ஜெயித்தும் ஆள் மெலிந்தே செத்துப்போனார். கரைசலை அடர்த்தியாக்கலாமே என்றால், கையின் சின்னச் சிரை வீங்கி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் 1960-களில் இதை உடைத்தார். பெருஞ்சிரையில் ரத்த ஓட்டம் அதிகம். எவ்வளவு அடர்த்தியாக விட்டாலும் நொடியில் நீர்த்துவிடும். பீகிள் நாய்க்குட்டிகளை இப்படிச் சிரை உணவிலேயே வளர்த்துக் காட்டினார். 1968-ல் கட்டுரை வந்தது.

சுவாரசியம் இதற்கு மேல்தான். அதே காலத்தில் ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் வேறு பக்கம் யோசித்தார். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, கரைசலின் அடர்த்தியையும் அது ஏற்றாது. சோயா எண்ணெயை முட்டை லெசித்தினோடு பால் மாதிரி கலக்கி 'இன்ட்ராலிபிட்' செய்தார். அதனால் கைச்சிரையிலேயே ஓரளவு நிறைவான உணவு சாத்தியமானது. அமெரிக்காவிலோ பருத்திவிதை எண்ணெய்க் கலவை பக்கவிளைவுகளால் கைவிடப்பட்டிருந்தது. இன்ட்ராலிபிட் அங்கே அனுமதி பெற்றது 1970-களில்தான். அதுவரை அவர்களுக்குச் சர்க்கரை மட்டுமே, எனவே சென்ட்ரல் லைன். சரக்கு எதுவோ அதுவே பாதையைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு.

இன்றைய வழக்கும் கிட்டத்தட்ட அதேதான். ரத்தத்தின் ஆஸ்மோலாரிட்டி சுமார் 290. உணவுக் கரைசல் 900 வரை என்றால் சில நாளைக்குக் கை போதும். மேலே போனால், வாரக்கணக்கில் இழுத்தால், சென்ட்ரல்.

ஆனால் ரத்தப்போக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. 1840-களில் புவாசேய் கண்ட விதிப்படி குழாயின் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதி. ஆரம் இரட்டித்தால் 16 மடங்கு. கழுத்தில் இருக்கும் நீண்ட மெல்லிய லைனைவிட கையில் குத்திய குட்டையான தடித்த ஊசி வேகமாக ரத்தம் ஏற்றும். பெரிய வயிற்று ஆபரேஷனில் சென்ட்ரல் லைன் போட்ட பிறகும் கையில் தடித்த வென்ஃப்ளான் குத்துவது இதுக்குத்தான்.