மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு

மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு என்பது மகிழுந்தின் முகப்புப் பலகையில் அமைந்துள்ள சிவப்பு நிற விளக்கு ஆகும். மின்கலம் மின்னேற்றம் பெறவில்லை என்பதை இது ஓட்டுநருக்கு உணர்த்துகிறது. பழைய மகிழுந்துகளில் இது அறிவிப்பு விளக்கு மட்டுமன்று, மின்னேற்றச் சுற்றின் ஓர் உறுப்புமாகும். எனவே எரிய வேண்டிய நேரத்தில் இது எரியாதிருப்பதும் பழுதின் அறிகுறியே.

இயங்கும் முறை

விளக்கின் ஒரு முனை சாவி ஆளியின் வழியாக மின்கலத்தின் நேர்முனையுடனும், மறுமுனை ஆல்டர்னேட்டரின் சிறு முனையத்துடனும் இணைக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் மின்னோட்டம் விளக்கின் வழியே சுழலியின் புலச்சுருளுக்குச் செல்கிறது, விளக்கு எரிகிறது. இச்சிறு மின்னோட்டமே சுழலியைக் காந்தமாக்கி மின்னாக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் விளக்கின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 14 வோல்ட்டு மின்னழுத்தம் இருக்கும். வேறுபாடு இல்லாமையால் விளக்கு அணைகிறது.

இதனால் குமிழ் எரிந்துபோன பல வண்டிகளில் மின்னேற்றமே தொடங்குவதில்லை. குமிழுக்குப் பதிலாக எல்.ஈ.டி. பொருத்தினாலும், அதன் வழியே போதிய மின்னோட்டம் செல்லாததால், இதே நிலை ஏற்படலாம்.

டைனமோ பொருத்திய இன்னும் பழைய வண்டிகளில் மின்னாக்கம் எஞ்சிய காந்தத்தால் தொடங்குவதால் விளக்கு இன்றியமையாததன்று. அவற்றில் எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது விளக்கு மினுங்குவது இயல்பே.

பழுது அறிதல்

ஆல்டர்னேட்டர் உள்ள 12 வோல்ட்டு வண்டிகளில் விளக்கின் நடத்தையைக் கொண்டு பழுதைப் பின்வருமாறு அறியலாம்.

1. சாவியைத் திருப்பியும் எரியாமை: விளக்குக் கம்பியை ஆல்டர்னேட்டரிலிருந்து கழற்றி வண்டியின் உடலில் தொடவேண்டும். விளக்கு எரிந்தால் குமிழும் கம்பியும் நன்றாக உள்ளன. தேய்ந்த கரித்தூரிகை, அறுந்த புலச்சுருள், சீராக்கி ஆகியவற்றை ஆராயவேண்டும். எரியாவிட்டால் குமிழ், உருகி, கம்பி ஆகியவற்றில் பழுது உள்ளது.

2. எஞ்சின் ஓடும்போதும் பிரகாசமாக எரிதல்: முதலில் விசிறிப் பட்டை அறுந்துள்ளதா, தளர்ந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். பின்னர் எஞ்சினை நிறுத்தி, விளக்குக் கம்பியைக் கழற்றிச் சாவியை மட்டும் திருப்பவேண்டும். அப்போதும் விளக்கு எரிந்தால் கம்பி எங்கோ உடலைத் தொடுகிறது. அணைந்தால் ஆல்டர்னேட்டரில் பழுது உள்ளது.

3. மங்கலாக எரிதல்: டயோடு பழுதோ, இணைப்புகளில் அரிப்போ காரணமாகலாம். எஞ்சின் ஓட, முகப்பு விளக்குகள் எரியும் நிலையில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையத்துக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் இணைப்புகளைத் தூய்மை செய்யவேண்டும்.

4. சாவியை எடுத்த பின்னும் எரிதல்: டயோடு குறுக்குச்சுற்றாகி, மின்கலத்தின் மின்னோட்டம் பின்னோக்கிச் செல்கிறது. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்காவிடில் மின்கலம் வெறுமையாகிவிடும்.

வோல்ட்டுமானிச் சோதனை

விளக்கு அணைந்திருப்பது மின்னேற்றம் சரியாக உள்ளது என்பதற்கு முழுச் சான்றாகாது. நன்கு மின்னேற்றம் பெற்று ஓய்விலிருக்கும் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது இது 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை உயரவேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் சீராக்கி பழுதடைந்து மிகைமின்னேற்றம் நிகழ்கிறது. மின்கல நீர் விரைவாகக் குறைவது இதன் அறிகுறியாகும். இப்பழுதைப் பழைய வண்டிகளின் விளக்கு பொதுவாகக் காட்டுவதில்லை.

எச்சரிக்கைகள்

* ஓடும்போது விளக்கு எரிந்தால் பட்டையை உடனே பார்க்கவேண்டும். வோக்ஸ்வாகன் பீட்டிலில் குளிர்விக்கும் விசிறி டைனமோவின் அச்சிலேயே பொருத்தப்பட்டுள்ளது. பட்டை அறுந்தபின் ஓட்டினால் எஞ்சின் சூடேறிச் சிதையும். நீரால் குளிர்விக்கப்படும் பல வண்டிகளிலும் அதே பட்டையே நீரேற்றியைச் சுழற்றுகிறது.
* எஞ்சின் ஓடும்போது மின்கலக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம், மின்னழுத்த எழுச்சியால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளை எரித்துவிடக்கூடும்.
* ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி மின்கலத்துடன் நேரடியாக இணைந்துள்ளது. அதை உடலில் தொட்டால் தீப்பற்றும் இடர் உண்டு.

இவற்றையும் பார்க்கவும்

* ஆல்டர்னேட்டர்
* டைனமோ
* ஈய-அமில மின்கலம்