கொம்பு இடம் மாறிய கதை

சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மாமா, தினசரி காலண்டருக்காகப் பழைய எழுத்துருவில் வைத்திருந்த முழுத் திருக்குறள் கோப்பைக் கொடுத்து, "யூனிகோடுக்கு மாத்திக் குடு மாப்ள" என்றார். நான் எழுதிய ஸ்கிரிப்ட் கொம்புகளை எல்லாம் குழப்பிவிட்டது. இந்தத் தலைவலிக்கு ஒரு வரலாறே இருக்கிறது நண்பர்களே!

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். 1999 முதல் திஸ்கி குறியீட்டில் வெளிவந்தவை, 2004 முதல் யூனிகோடிலும் வந்தன.

மாற்றுவதில் என்ன சிக்கல்? திஸ்கி கண்ணில் படும் வரிசையிலேயே சேமிக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடில் இது தலைகீழ். 'பொ' வந்தால் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக முதலில் மாற்ற வேண்டும், அதன்பிறகே தனிக் கொம்பு. இல்லையென்றால் பார்க்கச் சரியாக இருந்தாலும் தேடும்போது சொல் சிக்காமல் போகலாம்.

அடுத்து வரிகள். உரைநடையில் உடைந்த வரிகளை ஒட்டலாம், செய்யுளில் கூடாது. 1330 குறளுக்கு 2660 வரி வேண்டும். எனக்கு வந்தது 2658! இரண்டு குறள்கள் ஒற்றை வரியாக ஒட்டியிருந்தன. எண்ணாமல் விட்டிருந்தால் அப்படியே அச்சேறியிருக்கும்.

உங்களிடமும் பழைய கோப்பு இருந்தால், அதற்கான எழுத்துரு கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.