அடுப்பை எங்க வைக்கிறது? ஒரு மட்டக்களப்புக் குசினிக் கதை

2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் ஒன்று 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் அதே சிலிண்டர் 4,860 ரூபாய். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், காசு கையில் இருந்தாலும் சாமான் இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து ரோட்டோரம் வரிசையில் விட்டுட்டு, ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்த காலம் அது. இதை எல்லாரும் எழுதியாச்சு. எனக்கு அந்த நாட்களில் இருந்து மனசில் நிற்பது வேறொன்று. எங்கட பக்கம் கன வீடுகளில் விறகு இருந்தது, மண் அடுப்பு கடையில் இருந்தது, ஆனால் அதை வைக்க இடம் இருக்கவில்லை. நாலு பக்கமும் சுவர், ஒரு சின்ன யன்னல், மேல சீற். உள்ளுக்க மூட்டினால் பத்து நிமிசத்தில் ஆளை ஆள் தெரியாது.

"சனம் விறகுக்குத் திரும்பிவிட்டது" எண்டு அப்ப செய்திகளில் சொன்னார்கள். சரியாகச் சொன்னால் பெரும்பாலான சனம் விறகை விட்டுப் போகவே இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான வீடுகள் விறகில்தான் சமைத்தன. ஆக, விறகு தெரிந்த ஒரு ஊரில் விறகடுப்புக்கு இடமில்லாத வீடுகள் எப்படி வந்தன?

பழைய மட்டக்களப்பு வளவை நினைத்துப் பாருங்க. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. இரண்டிலும் வீடு ஒரு இடம், அடுக்களை இன்னொரு இடம். காரணம் எளிது: மேல கிடுகு. ஒரு பொறி பறந்தால் முழு வீடும் போகும். அதனால் பின்வளவில் தனிக் குடில், அரைச் சுவர், அதுக்கு மேல மட்டை வரிச்சு. புகை கூரைக்குள்ளாலேயே கசிந்து வெளியேறும். போற வழியில் ஓலையைப் பூச்சி அரிக்காமல் காக்கும், பரணில் கிடக்கும் விதையையும் மிளகாயையும் காயவைக்கும். எரிக்கிறது பொச்சுமட்டை, சிரட்டை, பாளை, காவோலை. அதோட படுவான்கரைப் பக்கமிருந்து வாற காட்டு விறகு. வாவியோரக் கண்டல் மரமும் நல்லா நின்று எரியும் விறகு எண்டுதான் வெட்டப்பட்டது. 2015இல்தான் நாட்டின் எல்லாக் கண்டல் காடுகளையும் காக்கிற திட்டம் அறிவிக்கப்பட்டது.

அடுக்களை எண்டு எழுதுறன், வாயில் வாறது குசினி. அது போர்த்துக்கேயச் சொல். அவங்க இங்க கோட்டை கட்டினது 1628இல், பத்தே வருசத்தில் 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டையை விட்டுட்டுப் போனாங்க, குசினியையும் பாணையும் பாண் சுடுகிற போறணையையும் எங்கட வாயில் விட்டுட்டுப் போனாங்க. மட்டக்களப்புப் பறங்கியரில் சிலர் இண்டைக்கும் அந்த மொழி பேசுவார்கள்.

இனி, இந்தக் குசினி யாருடையது? வேறு ஊர் ஆட்களுக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும். மட்டக்களப்புத் தேசத்தில் குடி தாய்வழியாக வரும். மகளுக்குக் கலியாணம் எண்டால் வீடு வளவு சீதனமாக அவளுக்குத்தான், மாப்பிள்ளை அங்க வந்து இருப்பார். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு, தாய் தகப்பன் பக்கத்தில் சின்னதாக ஒன்றைப் போட்டு ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவரை வாசிக்காமலே எங்கட பெத்தாமாருக்கு இது தெரியும். குசினி எந்தப் பக்கம், அடுப்பு எந்தத் திசை பார்க்கணும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எந்த வாசலில் தட்டி கட்டணும் என்பதெல்லாம் வீட்டுக்காரியின் முடிவு. அதுக்காகப் பழைய அடுக்களையைச் சொர்க்கமாக்கத் தேவையில்லை. அந்தப் புகையையும் அவள்தான் குடித்தாள்.

புகையைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் எங்க இருந்தார்கள் எண்டு தேடினால், இந்தியாவில் ஐதராபாத் பொறியியல் ஆய்வுகூடத்தின் எஸ். பி. ராஜு வருகிறார். புகைக்கூடு வைத்த மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்து, இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை என்ற கருத்தில் 1953இல் ஒரு சின்னப் புத்தகமே போட்டார். நோக்கம் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கண்ணும் நெஞ்சும்.

இருபது வருசத்தில் பேச்சு மாறிப்போனது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்க விறகுப் பஞ்சம் வரப்போகுது, காடு அழியப்போகுது எண்டு பயம். அடுப்புத் திட்டங்களுக்குக் காசு வந்தது மரத்துக்காக. இலங்கையில் 1970களின் கடைசியில் சர்வோதயம் மண் அடுப்பு வேலையைத் தொடங்கியது. 1984இல் மின்சார சபை நடத்திய வேலைத்திட்டத்தின் பெயரே தேசிய விறகுப் பாதுகாப்புத் திட்டம். பெயரில் விறகு இருக்கு, ஆள் இல்லை. 1980களின் பிற்பகுதியில் இதிலிருந்து வந்ததுதான் அனகி. சிங்களத்தில் அனகி எண்டால் மேலானது, விலைமதிப்பில்லாதது.

அனகி ஒரே துண்டில் சுட்ட மண் அடுப்பு. இரண்டு வாய். முன்வாயில் விறகு எரியும், சுவாலையும் சூடும் ஒரு குழியால் பின்வாய்க்குப் போகும். சோறு முன்னுக்கு, கறியோ தண்ணியோ பின்னுக்கு. மூன்று கல்லில் நாலு பக்கமும் சிதறிப் போகிற சூட்டை இது பிடித்து வைக்குது, விறகு மூன்றிலொரு பங்களவு மிச்சம். இந்தியா அரசாங்கத்தின் திட்டத்தில் 1980களிலிருந்து 2002 வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது. பெரும்பகுதி உடைந்தும் கைவிடப்பட்டும் போனது. மானியத்தில் வந்து கட்டிவிட்டுப் போன அடுப்பு வெடித்தால் திருத்த ஊரில் ஆள் இல்லை. அனகி நின்றதுக்குக் காரணம், அதைக் குருநாகல் கும்புக்கெட்டே போன்ற ஊர்களின் குயவர்கள் செய்து சந்தையில் விற்றார்கள், சனம் தன் காசில் வாங்கியது. இலவசமாகக் கிடைத்ததை விட வாங்கினதைத்தான் நாங்க பார்த்துப் பாவிப்போம் போல.

ஆனால் அனகிக்குப் புகைக்கூடு இல்லை. விறகை எண்ணிச் செய்த அடுப்பு அது, புகையைக் குறைக்கும், வெளியே அனுப்பாது. வெளியே அனுப்புறது வீட்டின் வேலை. இந்த இடத்தில்தான் எங்கட கதை சிக்குது.

2004 டிசம்பர் 26. நாவலடி, கல்லடி, டச்பார் கரைகள் துடைத்தெடுக்கப்பட்டன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது எண்டார்கள், தெற்கில் 100 மீற்றர். சனம் திராய்மடு போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டது. வீட்டுக்குக் குறைந்த அளவு 500 சதுர அடி. பல நாட்டு நிறுவனங்கள், பல வரைபடங்கள், எல்லாவற்றிலும் ஒரு மூலையில் "சமையலறை" எண்டு ஒரு சதுரம். நீள அகலம் போட்டவர்கள் மனதில் இருந்தது கேஸ் குக்கர். இன்னொன்றும் நடந்தது: காணி உறுதிகள் பெரும்பாலும் "குடும்பத் தலைவர்" எண்டு ஆண்களின் பெயரில் போயின. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டை அலை கொண்டுபோக, பதிலாகக் கிடைத்த வீடு கணவனுடையதாச்சு. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அடுப்பு வைக்கும் இடத்தை முடிவு செய்கிற ஆள் மாறியதும் உறுதியில் பெயர் மாறியதும் ஒரே நேரத்தில் நடந்தது. இதைத் தற்செயல் எண்டு என்னால் எடுக்க முடியேல்ல.

அந்த வீடுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்க. சீமெந்துச் சுவரில் சாய்த்து நாலு தடி, இரண்டு தகரம், பழைய கிடுகு, கீழே கல்லடுப்பு. உள்ளே இருக்கிற சமையலறையில் சைக்கிளும் நெல்லு மூட்டையும். எங்கட சின்னம்மா வீட்டிலும் அப்படித்தான். "அவங்கட குசினி உள்ளுக்க இரிக்கு மனே, எண்ட குசினி வெளிய" எண்டா பெத்தா. கேஸ் கட்டுப்படியான குடும்பங்கள் மட்டும் உள்ளே சமைத்தன, பின்பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டன. 2022இல் மாட்டுப்பட்டது அவங்கதான்.

அந்த மே மாதம் சின்ன வீட்டில் அனகி பூட்டின அனுபவத்தைச் சொல்லுறன், யாருக்கும் உதவும். அடுப்பை அப்படியே நிலத்தில் வைத்து எரித்தால் ஒரு வருசத்தில் வெடித்துப்போகும். இடுப்பளவுக்குக் கல்லால் ஒரு மேடை கட்டி, அதில் அடுப்பை இருத்தி, களிமண்ணும் மணலும் உமியும் சாணியும் குழைத்துச் சுற்றிவர நாலு விரல் தடிப்புக்கு அப்பவேணும். உமி இருக்கிறது சூடு வெளியே போகாமல் தடுக்க. பிறகு அவசரப்படக்கூடாது. இரண்டு கிழமை நிழலில் காயவிட்டு, முதல் மூன்று நாள் சிரட்டை இரண்டு மூன்று மட்டும் எரிக்கவேணும். வாயைக் கச்சான் காற்றுக்கு நேரே வைத்தால் சுவாலை பானையைத் தொடாமல் பின்னுக்கு ஓடும், முதுகு காட்டி வைத்தால் புகை முகத்தில். நாங்க குறுக்காக வைத்தோம். சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குக் கல்லைக் கழற்றினோம். யன்னலை விட அந்த ஓட்டைதான் வேலை செய்தது, சூடான புகை மேலேதானே போகும்.

மிச்சம் எல்லாம் விறகில் இருக்கு. பச்சை மரத்தின் நிறையில் பாதி வரைக்கும் தண்ணிதான். அதை எரித்தால் முதலில் தண்ணியைத்தான் கொதிக்க வைக்கிறோம், புகை எண்டு கண்ணைக் கரிக்கிறது எரியாமல் தப்பிப்போன விறகு. பிளந்து, மழை படாமல், காற்றுப் படுற மாதிரி அடுக்கி ஆறு மாதம் வைத்தது நல்லா எரியும். கை மணிக்கட்டுத் தடிப்பு போதும், மூன்று துண்டுக்கு மேல் திணிச்சால் காற்றில்லாமல் மூச்சுத் திணறும், அடுப்புக்கும் எங்களுக்கும்.

ருசி பற்றிக் கேட்பீங்க. வாவி மீனை மண்சட்டியில், தணலில் விட்டு வத்த வைத்த குழம்பு கேஸில் வராது. அது நெருப்பின் மந்திரமில்லை, தணல் மெல்ல மெல்லத் தணிகிறது, சட்டியும் அதோடு சேர்ந்து மெல்ல ஆறுது. பின்வாயில் எப்பவும் சுடுதண்ணி இருக்கும். மாரி காலத்தில் விடிய எழும்பி அந்த மேடையில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணி குடிக்கிற சுகத்தையும் நான் மறைக்கப்போறதில்லை. அதேநேரம் வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் செத்தார்கள் எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கு. தேத்தண்ணி குடிக்கிறது நான், விடிய நாலு மணிக்கு ஊதி மூட்டுறது அம்மா.

இப்ப கேஸ் கிடைக்குது. எங்கட வீட்டில் விடியக் கேஸ், பகல் சோறும் பின்னேரம் பிட்டும் அனகியில். மேடையின் இடது மூலை வெடித்திருக்கு, மழைக்கு முதல் மண் அப்பவேணும். போன மாதம் சின்னம்மாவின் மகளுக்கு வீடு போடக் கல் பறிச்சாங்க. மேசன் குசினிக்கு எட்டடிக்கு எட்டடி எண்டு கயிறு பிடித்தார். அவள் வந்து கயிற்றைக் கழற்றி, பின்பக்கம் வாவிக் காற்றுக்குக் குறுக்காக இன்னொரு சதுரம் பிடித்துக் காட்டினாள். உறுதி யார் பெயரில் எண்டு மாப்பிள்ளை வீட்டாரோட இன்னும் பேச்சு முடியேல்ல.