சஸ்காட்சுவானும் 23 நாள் டாக்டர்கள் ஸ்டிரைக்கும்

கனடாவில் டாக்டரைப் பார்த்தால் பில் வராது. இதை ஆரம்பித்து வைத்தவர்கள் கோதுமை விவசாயிகள்!

1915-ல் சஸ்காட்சுவான் மாகாணத்தில் சார்னியா என்ற கிராமப் பகுதி, இருக்கிற டாக்டரும் போய்விடுவாரோ என்று பயந்து, வரிப்பணத்திலிருந்து அவருக்கு வருடம் 1,500 டாலர் தர முன்வந்தது. மற்ற ஊர்களும் பின்பற்றின. அடுத்து சுவிஃப்ட் கரண்ட் வட்டாரம். மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட மருத்துவத் திட்டம் அங்கே 1946-ல் தொடங்கியது.

அதை மாகாணம் முழுவதற்கும் கொண்டுவந்தபோதுதான் சிக்கல். 1962 ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்த அன்றே பெரும்பாலான டாக்டர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாகவும் ஊர் ஊராக மக்கள் கமிட்டிகள் கிளம்பின. சார்னியாவுக்கு இருந்த அதே பயம்தான், இப்போது எதிர்ப்பக்கம் நின்றது. ஆனால் ஜூலை 11-ல் ரெஜைனா சட்டமன்றத்தின் முன் கூடியவர்கள் சுமார் 4,000 பேர்தான். எதிர்பார்த்ததோ அதைவிடப் பல மடங்கு. இதற்கிடையே சாஸ்கடூனில் பொதுமக்களே சேர்ந்து கூட்டுறவு கிளினிக் திறந்தார்கள். பிரிட்டனிலிருந்து டாக்டர்கள் விமானமேறி வந்தார்கள்.

ஜூலை 23-ல் உடன்பாடு. டாக்டர்கள் சம்பளக்காரர்கள் ஆகவில்லை, ஃபீஸ் முறை அப்படியே இருந்தது. கொடுப்பது மட்டும் அரசு. 1966-ல் மத்திய சட்டம் வந்தது, 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

ஸ்டிரைக்கைத் தாங்கி நின்ற முதல்வர் உட்ரோ லாய்ட் 1964 தேர்தலில் தோற்றுப்போனார். ஜெயித்து வந்த லிபரல் கட்சியும் திட்டத்தை ஒழிக்கவில்லை.