பெயர் இல்லாத பேஸ் கிடார்

விலை குறைந்த பேஸ் கிடார் வாங்க நினைக்கும் இளைஞர்கள் எந்த கம்பெனி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை வாசித்தவர்கள் யார் என்றும் நாம் கேட்க வேண்டும்.

1951இல் லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்தவர்கள் இதைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் இருந்ததால் சுருதி பிசகவில்லை. பின்னர் டேன்எலக்ட்ரோ நிறுவனம் மலிவான அட்டைப்பலகையில் பேஸ் செய்தது. சியர்ஸ் கடை அதை 'சில்வர்டோன்' என்ற பெயரில் சாமானியர்களுக்கு விற்றது.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டு பிரிசிஷன். தடித்த தந்திகள், பழசானாலும் லேசில் மாற்றமாட்டார். மீட்டியது ஆட்காட்டி விரல் ஒன்றுதான். அறுபதுகளில் உலகமே ஆடிய பாட்டுகளுக்கு அடித்தளம் போட்டது அந்த விரல். ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' 1971இல் வந்தபோதுதான் மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது. 1983இல் அவர் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்!

தோழர்களே, நான்கு தந்தி, ஒரு பிக்கப் போதும். பழைய கிடார் என்றாலும் பரவாயில்லை. கழுத்து வளையாமல் இருக்கிறதா, சுருதி நிற்கிறதா என்று பாருங்கள். நாளை நம் பாட்டு பதிவாகும்போது, வாசித்தவர் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டு வாங்குவோம்.